24 மாதக் கார்

2016 அக்டோபரில் நானும் வீட்டுக்காரியும் நியூஜெர்சி எடிசனில் பையன் வீட்டுக்குப் போய் இறங்கினபோது மருமகளுக்கு ஏழாம் மாதம். பிரசவத்துக்குத்தான் போனோம். எங்களை ஏர்போர்ட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்த கார், வீட்டுக்கு இரண்டு மைல் முன்னால் நடுரோட்டில் நின்றுவிட்டது. 1,40,000 மைல் ஓடின வண்டி. பையன் படிக்கும் காலத்தில் யாரிடமோ வாங்கியது. ஓரமாகத் தள்ளிவிட்டு, குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றோம். "பிள்ளைத்தாச்சிய இந்த வண்டியிலயா ஆஸ்பத்திரிக்கு அழைச்சிண்டு போகப்போற?" என்று வீட்டுக்காரி அங்கேயே ஆரம்பித்துவிட்டாள்.

அந்த வாரக் கடைசியிலேயே பையன், "அப்பா, லீஸ்ல ஒரு புது வண்டி எடுக்கலாம்னு இருக்கேன்" என்றான்.

எனக்கு லீஸ் என்றால் குத்தகை. கோயில் நிலம், தென்னந்தோப்பு, இவற்றுக்குத்தான் அந்த வார்த்தை. மாதாமாதம் பணம் கட்டி மூன்று வருஷம் கழித்து வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருவதாமே! கும்பகோணத்தில் பதினோரு வருஷம் வாடகை வீட்டில் இருந்து, பேங்க் கடனில் கல் கல்லாகச் சேர்த்து வீடு கட்டியவன் நான். "சொந்தமாக் கடன்ல வாங்கேன்டா" என்றேன். "பார்க்கலாம்பா, நீங்களும் வாங்க" என்றான். அவனுக்கும் இதுதான் முதல் லீஸ். முப்பத்தாறு வருஷம் பேங்கில் குப்பை கொட்டியவன் பக்கத்தில் இருந்தால் நல்லதுதானே என்று கூடப் போனேன்.

ஷோரூமில் காபி கொடுத்தார்கள். விற்பனைப் பையன் சிரித்த முகம். அவன் கேட்ட முதல் கேள்வியே, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதுதான்.

எனக்குச் சட்டென்று பாபநாசம் கிளை ஞாபகம் வந்தது. டிராக்டர் கடனுக்கு வரும் விவசாயிகளும் இதையேதான் கேட்பார்கள், "தவணை எவ்வளவு வரும் சார்?" என்று. வட்டி எத்தனை, மொத்தம் எவ்வளவு என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊரில் தனியார் ஃபைனான்ஸ்காரர்கள் பிழைத்ததே அந்தக் கேள்வியால்தான். 12 சதவீதம் என்பார்கள். முதலுக்கு மூன்று வருஷமும் முழு வட்டி போட்டுத் தவணை பிரித்தால் உண்மையில் அது 21 சதவீதத்துக்கு மேல். நாங்கள் மட்டும் யோக்கியமா என்றால், கேட்காதவருக்கு நானும் தவணையை மட்டும் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன்.

விளம்பரத்தில் இருந்தது மாதம் 279 டாலர், 36 மாதம். முன்பணம் 3,600. வரியும் மற்ற கட்டணங்களும் தனி. பையனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் தாளை வாங்கி மூக்குக் கண்ணாடியை மாட்டினேன்.

லீஸில் மூன்று எண்கள்தான் முக்கியம். ஒன்று, வண்டியின் விலை. இரண்டாவது, லீஸ் முடிகிறபோது வண்டி இவ்வளவு பெறும் என்று கம்பெனி முன்கூட்டியே எழுதி வைக்கிற மீதி மதிப்பு; அவர்கள் ரெசிடுவல் என்கிறார்கள். இதில் பேரம் கிடையாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நாம் மாதாமாதம் தேய்மானமாகக் கட்டுகிறோம். மூன்றாவது வட்டி. அதை மட்டும் வட்டி என்று சொல்ல மாட்டார்கள். மணி ஃபேக்டர் என்று 0.00200 போல ஒரு பின்னம். பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும்.

எங்கள் தாளில் அந்தப் பின்னம்கூட இல்லை. ஆனால் அந்த நாட்டில் 1976-லேயே இந்த லீஸுக்கென்று ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். அதன்கீழ் வந்த விதிப்படி மொத்த 'ரெண்ட் சார்ஜ்' எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் காட்டியாக வேண்டும். நிரப்பின மாதிரிப் படிவத்தைக் கேட்டு வாங்கினேன். 2,851 டாலர் 20 சென்ட் என்று இருந்தது. எனக்கு அது போதும்.

வண்டியில் ஒட்டியிருந்த விலை 27,000. முன்பணம் போக 23,400. மீதி மதிப்பு 16,200. நடுவில் உள்ள 7,200-ஐ 36-ஆல் வகுத்தால் 200. ரெண்ட் சார்ஜை 36-ஆல் வகுத்தால் 79.20. இரண்டும் சேர்ந்து அந்த 279. நிலுவை 23,400-லிருந்து 16,200-க்கு இறங்குகிறது, சராசரி 19,800. வருஷத்துக்கு 79.20 இன்டூ 12, அதாவது 950 சொச்சம். 19,800-க்கு 950 என்றால் 4.8 சதவீதம். (பின்னத்தைச் சொன்னால் 2,400-ஆல் பெருக்கினால் போதும், வட்டி வந்துவிடும் என்று பையன் பிறகு கண்டுபிடித்துச் சொன்னான். அதே கணக்குதான்.) விலையில் ஒரு டாலர்கூடக் குறைக்கவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. லீஸ் என்றால் விலை பேசக் கூடாது என்று பையன் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்!

முன்பணம் 3,600-ஐ 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 100. ஆக 279 என்பது 379. அது போகட்டும். எடுத்த இரண்டாவது மாதம் விபத்தில் வண்டி தேறாமல் போய்விட்டால் இன்ஷூரன்ஸ் பணம் லீஸ் கம்பெனிக்குப் போகும். நாம் கொடுத்த முன்பணம் போனது போனதுதான். திருப்பிக் கொடுக்கப் போகிற வண்டிக்கு எதற்கு முன்பணம்?

அடுத்தது மைல். விளம்பரம் வருஷத்துக்கு 10,000 மைலுக்கு. தாண்டினால் மைலுக்கு 20 சென்ட். பையனுக்கு ஆபீஸ் ஒரு வழி 22 மைல். அதிலேயே 10,000 முடிந்துவிடும். ஓக் ட்ரீ ரோடு கடைகள், பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயில், குழந்தைக்கு டாக்டர் எல்லாம் சேர்த்தால் 15,000 வரும். 5,000 மைல் அதிகம் என்றால் வருஷத்துக்கு 1,000 டாலர் அபராதம். முதலிலேயே 15,000 மைலுக்கு எழுதினால் மீதி மதிப்பு 16,200-லிருந்து 15,660 ஆகிறது. மாதத்துக்குப் பதினாலு டாலர்தான் கூடுகிறது.

கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தோம். விற்பனைப் பையன் வாசல் வரை வந்து, இந்த விலை இன்றைக்கு மட்டும்தான் என்றான். எங்கள் ஊர் தீபாவளி ஜவுளிக்கடையில் கேட்காததா!

பையன் நாலு டீலர்களுக்கு ஒரே மாதிரி மின்னஞ்சல் எழுதினான். அதே வண்டி, 15,000 மைல், முன்பணம் இல்லை. விலை என்ன, மணி ஃபேக்டர் என்ன? மாதத் தவணையைப் பற்றி ஒரு வார்த்தை எழுத வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இரண்டு பேர் "நேரில் வாங்க" என்றார்கள். ஒருவர் பதிலே போடவில்லை. நாலாவது ஒரு பெண்மணி, 25,000 விலை, 0.00125 என்று ஒரே வரியில் பதில் போட்டார். 3 சதவீதம்! பையனின் கிரெடிட் ஸ்கோருக்கு லீஸ் கம்பெனி கேட்பதே அவ்வளவுதானாம். அதற்கு மேல் உள்ளதை டீலர் தன் பங்குக்கு ஏற்றிக்கொள்ளலாம். 36 மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 310 சொச்சம் வந்தது.

நான் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வெற்றி வீரன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பையன் மட்டும் ஒன்றும் பேசவில்லை. மற்றவர்கள் தூங்கப் போன பிறகு, "24 மாசத்துக்குப் போட்டா எவ்வளவுப்பா வரும்?" என்று கேட்டான்.

"எதுக்கு? கூடத்தான் வரும்" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான். எச்-1பி 2019 பிப்ரவரி வரைக்கும்தான். இரண்டாவது மூன்று வருஷம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் நீட்ட வேண்டுமானால் கம்பெனி கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். கம்பெனி இழுத்தடிக்கிறது. "அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா. குழந்தை பொறக்கற நேரத்துல..." என்றான்.

28 மாதம். 36 மாத லீஸ். எட்டு மாதம் இடிக்கிறது. கடனில் வாங்கு என்று நான் சொன்னபோது அவன் ஏன் பதில் பேசவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. எல்லா எண்ணையும் பார்த்தேன், இந்த ஒன்றை நான் கேட்கவே இல்லை.

பென்சிலை எடுத்தேன். கை வேலை செய்தால் பேச வேண்டியதில்லை அல்லவா. 24 மாதத்துக்கு மீதி மதிப்பு 17,820. தேய்மானம் மாதம் 299.17, வட்டி 53.52. ஆக 352 சொச்சம். மாதம் 42 டாலர் கூடுதல், இரண்டு வருஷத்தில் ஆயிரத்துச் சொச்சம். 36 மாதம் எடுத்து நடுவில் விட்டுவிட்டுப் போனால் பாக்கி எட்டுத் தவணையே 2,480. அதற்கு மேல் முன்கூட்டி முடிக்கும் கட்டணம் வேறு. "24-க்கே போடுறா" என்றேன்.

மறுநாள் வீட்டுக்காரி, "மூணு வருஷத்துக்குக் கம்மியா வருதாமே. பேங்க்ல இருந்தவர் இப்படியா கணக்குப் போடுவேள்?" என்று கேட்டாள். அந்த ஊரில் அப்படித்தான் என்று சொல்லி வைத்தேன். காரணம் இதைப் படித்துத்தான் அவளுக்கே தெரியப் போகிறது. இன்று காபி கொஞ்சம் தாமதமாக வரலாம்.

டிசம்பரில் பேத்தி பிறந்தாள். கார் சீட்டைச் சரியாகப் பூட்டினோமா என்று நர்ஸ் வாசல் வரைக்கும் வந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள்.

2018-ல் லீஸ் முடிந்ததும் மாதாமாதம் மூன்று தடவை நீட்டித்துக்கொண்டு, 2019 ஜனவரியில் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூன்று பேருமாக வந்து சேர்ந்தார்கள். பின் பம்பரில் ஒரு கீறல். அதற்குப் பணம் பிடிக்கவில்லை. திருப்பிக் கொடுக்கும் கட்டணம் மட்டும் கட்டினானாம்.

இப்போது பெங்களூரில் இருக்கிறான். போன வாரம் அவன் ஆபீஸில் கம்பெனி கார் லீஸ் என்று கொடுத்த தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். "அப்பா, இதுல மீதி மதிப்பையே காணோமே?" என்று கேட்டிருக்கிறான். பெரிதாக்கிப் பார்த்தும் எழுத்து தெரியவில்லை. பிரிண்ட் எடுக்கக் கடைக்குப் போக வேண்டும்.