தோற்ற வாக்குகளுக்கும் ஓர் இடம்

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் மஹல்லாவில் ஜமாஅத் நிர்வாகத் தேர்தல் நடைபெற்றது. 11 பொறுப்புகள், இரண்டு அணிகள். ஒவ்வொருவரும் 11 பெயர்களுக்கு நேரே முத்திரையிட வேண்டும். வாக்களித்த 890 பேரில் ஓர் அணியை ஆதரித்தோர் ஏறத்தாழ 480. மற்றதை ஆதரித்தோர் 410. பெயரைப் பாராது அணியைப் பார்த்தே மக்கள் முத்திரையிட்டமையால், 11 பொறுப்புகளும் முதல் அணிக்கே சென்றன. மோசடி ஏதும் நிகழவில்லை. எண்ணிக்கையின்போது நானும் உடனிருந்தேன்.

தோற்றவர்களில் பெரும்பாலோர் ஒரே தெருவினர். முதலில் அவர்களுடைய சந்தா நின்றது. பின்னர் அத்தெருவின் காலிமனையில் ஒரு கீற்றுக் கொட்டகை எழுந்தது. ஐவேளைத் தொழுகையும் அங்கே தனியாக நடக்கத் தொடங்கியது. என்னிடம் மாலையில் ஓத வந்த பிள்ளைகளில் 37 பேர் ஒரே வாரத்தில் நின்றுவிட்டனர். காரணம் கேட்கச் சென்ற என்னிடம் ஒரு தந்தை, “ஹஜ்ரத், உங்கள்மீது வருத்தமில்லை. எங்கள் பேச்சு ஏறாத இடத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன வேலை?” என்றார். பதில் சொல்லாமலேயே திரும்பினேன்.

கல்லூரியில் நான் பயின்றது வரலாறு. அன்றிரவு பழைய நூல்களைப் புரட்டியபோது, எங்கள் மஹல்லாவின் நோய் நாடுகளையும் பீடித்த நோய்தான் என்பது விளங்கிற்று. 2014ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் தமிழகத்தில் அ.தி.மு.க. பெற்ற வாக்குகள் ஏறத்தாழ 44 விழுக்காடு; கிடைத்த இடங்களோ 39இல் 37. தி.மு.க.வுக்கு 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. ஓர் இடமும் கிடைக்கவில்லை! எந்தக் கட்சி வென்றது, எது தோற்றது என்பதன்று என் கவலை. அத்தனை இலட்சம் பேர் வரிசையில் நின்று இட்ட வாக்கு அவையில் ஒரு நாற்காலியாகக்கூட மாறவில்லையே!

எங்கள் ஊரார் பலர் ஒரு காலத்தில் கொழும்பில் வணிகம் செய்தவர்கள். ஆகவே இலங்கை அரசியல் எங்கள் திண்ணைகளுக்குப் புதிதன்று. அங்கே 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி பாதிக்குச் சற்று மேற்பட்ட வாக்குகளைப் பெற்று, 168இல் 140 இடங்களைக் கைப்பற்றியது. ஏறத்தாழ 30 விழுக்காடு பெற்ற சிறீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 8 இடங்களே கிடைத்தன. அந்தப் பெரும்பான்மையின் பலத்தில் 1978இல் புதிய அரசியலமைப்பு வந்தது. 1982இல் பொதுத் தேர்தலுக்குப் பதிலாக ஒரு வாக்கெடுப்பு நடத்தி, அதே நாடாளுமன்றத்தின் ஆயுள் ஆறாண்டுகள் நீட்டிக்கப்பட்டது. விந்தை என்னவெனில், விகிதாச்சாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்ததும் அந்த 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பே. மாவட்டத்தில் ஒரு கட்சி பெறும் வாக்குகளின் அளவுக்கேற்ப இடங்கள் பகிரப்படும். முதலில் 12.5 விழுக்காடாக இருந்த குறைந்தபட்ச வரம்பு 1988இல் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மறு ஆண்டுத் தேர்தலில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 4 இடங்களைப் பெற்றது.

அம்முறையில் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். விருப்பு வாக்குக்காக ஒரே கட்சியின் வேட்பாளர்களே தமக்குள் மோதிக்கொள்வது அங்கே வழக்கமாயிற்று. ஆனால் விகிதாச்சாரம் என்றாலே நிலையற்ற ஆட்சி என்பார்க்கு ஒரு செய்தி: 2024இல் தேசிய மக்கள் சக்தி 61 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்குகளுடன் 225இல் 159 இடங்களைப் பெற்றது.

நம் நாட்டிலும் இது பேசப்படாத பொருளன்று. 1949 ஜனவரியில் அரசியல் நிர்ணய சபையில் காஜி சையது கரீமுத்தீன் இதற்காகத் திருத்தம் கொணர்ந்தார். மக்கள் பரவலாகக் கல்வியறிவு பெற்றிருந்தால்தான் இம்முறை இயலும், ஆட்சியும் சிதறிவிடும் என்று டாக்டர் அம்பேத்கர் மறுத்தார். 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் எழுத்தறிவு 18 விழுக்காடே என்பதை நோக்க, அவருடைய முதல் அச்சத்தைக் குறைகூற இயலாது. 2011இல் தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு. அந்தக் காரணம் இன்று நில்லாது. இரண்டாவது காரணம் இன்றும் சிந்திக்கத்தக்கதே.

இதில் எனக்கு நகைப்பூட்டும் செய்தி ஒன்றுண்டு. மாநிலங்களவைக்கு நம் சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களிப்பது விகிதாச்சார முறையில்தான். ஆறு இடங்களுக்குத் தேர்தல் எனில், 234 பேரில் 34 பேரின் ஆதரவு பெற்றவர் தேர்வாகிவிடுவார். சிறுபான்மையான அணிக்கும் அதன் பங்கு கிடைக்கும். தமக்கு நியாயமான முறையை வைத்துக்கொண்டு, நமக்கு மட்டும் வேறொன்றை வைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஜமாஅத்துக்கு நான் எழுதிக்கொடுத்த யோசனை எளியது. அணிகளுக்கு விழும் வாக்குகளின் அளவில் பொறுப்புகளைப் பகிர்வது. சென்ற தேர்தலின் கணக்கில் ஒரு சாராருக்கு ஆறு, மறுசாராருக்கு ஐந்து. முத்தவல்லி தாளைப் படித்துவிட்டு, “இவர்களில் ஐந்து பேரை உள்ளே விட்டால் கூட்டந்தோறும் சண்டையாகுமே, ஹஜ்ரத்!” என்றார். “சண்டை இப்போதும் நடக்கிறது, ஹாஜியார். தெருவில் நடக்கிறது” என்றேன். அவர் மறுக்கவில்லை, ஒப்பவும் இல்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஷவ்வால் மாதப் பொதுக்குழுவில் அது விவாதத்துக்கு வருகிறது. நின்றுபோன 37 பிள்ளைகளில் இதுவரை ஆறு பேர் திரும்பியுள்ளனர்.