ஆறப் பொறுத்தல்

"ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை" என்று ஒரு பழமொழி உண்டு. பசியோடு இலையின் முன்னால் உட்கார்ந்து அவசரப்படுகிறவனைப் பரிகாசம் செய்யும் பழமொழி. ஒரு பெரிய தொழிலின் இரகசியமே அதற்குள் இருக்கிறது என்று சமீபத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

விஞ்ஞானத்துக்கும் எனக்கும் இருந்த உறவு கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு முடிந்துவிட்டது. ஆகவே இந்த ஞானம் புத்தகத்தின் மூலம் வரவில்லை. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் மூலம் வந்தது. ஒரு கோடை மத்தியானம் அது 'ம்ம்' என்று முனகிவிட்டு ஓய்ந்து போயிற்று. பழுது பார்க்க வந்த இளைஞர் பின்புறத்திலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கழற்றி, காதருகே வைத்துக் குலுக்கினார். கலகலவென்று சத்தம் கேட்டது.

"வில்லை உடைஞ்சு போச்சு சார். ரிலே மாத்தணும்."

"எதனால் ஆனது, தம்பி, அந்த வில்லை?"

"பீங்கான் மாதிரிதான் சார். கம்ப்ரஸர் கிளம்பறப்போ கரண்டை விடும். கிளம்பினதும் தானே சூடாகி அடைச்சுக்கும்."

காசு அளவில் சாம்பல் நிறத் துண்டுகள். ஆறியிருக்கும்போது வழி விடுவதும், சூடு ஏறினால் கதவைச் சாத்திக்கொள்வதும் இந்த மண்ணுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? மின்சாரப் பீங்கான் தொழிற்சாலை ஒன்றில் பல வருஷம் சூளையைப் பார்த்துக்கொண்ட சிநேகிதர் ஒருவர் எனக்கு உண்டு. அவரிடம் துண்டுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"பேரியம் டைட்டனேட்" என்றார் அவர். "சுத்தமாக இருந்தால் இதில் மின்சாரம் பாயவே பாயாது. ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு லாந்தனம் மாதிரி ஒன்றைச் சேர்த்து, 1,300 டிகிரிக்கு மேல் சுட்டால் பாய ஆரம்பிக்கும். ஆசையாகக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டாலோ, மறுபடியும் பாயாது!"

ஹாலந்தில் பிலிப்ஸ் கம்பெனியைச் சேர்ந்த ஹாய்மன், டாம், கிளாசென்ஸ் என்ற மூவர் இந்த வில்லையின் விசேஷத்தைக் கண்டு 1955-ல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்றார்களாம். சுமார் 120 டிகிரி வரையில் சாதுவாக மின்சாரத்தை விடும். அதைத் தாண்டியதும், சில பத்து டிகிரிகளுக்குள் அதன் தடை ஆயிரம் மடங்கு, அதற்கு மேலும் ஏறிவிடும். காரணத்தை 1961-ல் ஹைவாங் என்ற ஜெர்மானியர் விளக்கினார். வில்லை என்பது கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான மணிகள் நெருங்கி ஒட்டிய கூட்டம். மணிக்குள்ளே மின்சாரம் தாராளமாக ஓடும். தடை எழும்புவது மணிக்கும் மணிக்கும் நடுவில் இருக்கும் எல்லையில்.

"அந்த எல்லையை யார் கட்டுகிறார்கள்?" என்று கேட்டேன்.

"காற்று. அதுவும் சூளை ஆறும்போது" என்றார் சிநேகிதர். "மெதுவாக ஆறினால் பிராணவாயு இடுக்குகளின் வழியே புகுந்து, ஒவ்வொரு மணியின் ஓரத்திலும் மெல்லிய தோல் மாதிரிப் படிகிறது. அவசரமாகக் குளிர வைத்தாலும், பிராணவாயு இல்லாத புகையில் சுட்டாலும் அந்தத் தோல் ஏற்படாது. வேடிக்கை என்ன தெரியுமா? அந்த வில்லையும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். மின்சாரத்தை இதைவிட நன்றாகவே விடும். சூடு ஏறும்போதுதான் சாயம் வெளுக்கும். அதற்கு நிறுத்தத் தெரியாது."

எனக்குச் சொரேல் என்றது. கொசு விரட்டும் கருவிகள் பலவற்றிலும் சூடு தருவது இதே ஜாதி வில்லைதான். அந்தக் கருவி விடிய விடிய என் பெண்ணின் தலைமாட்டில் எரிகிறது. அளவுக்கு மேல் கொதிக்காமல் அதைக் காப்பது, எங்கோ ஒரு சூளையில் யாரோ ஒருவர் ஆறப் பொறுத்த பொறுமை.

கதை எழுதுகிறவனுக்கு மணியைவிட எல்லையில்தான் அக்கறை. தனி மனிதன் உள்ளுக்குள் எப்படியோ ஓடிக்கொண்டிருக்கிறான்; இன்னொருவனைத் தொடும் இடத்தில்தான் கதை பிறக்கிறது. அப்பா காலமானபோது, காரியம் முடிந்த கையோடு வீட்டைப் பங்கு போட்டுவிடலாம் என்று நாங்கள் சகோதரர்கள் மூவரும் ஏகமனதாகச் சொன்னோம். அன்றைக்கு எங்களுக்குள் மனஸ்தாபமே இல்லை. துக்கம் மூன்று பேரையும் ஒன்றாக உருக்கியிருந்தது. அம்மா மட்டும், "வருஷம் திரும்பட்டும்டா" என்றாள். வருஷம் திரும்பியது. பங்கு பேசும்போது வார்த்தைகள் தடித்தன. அண்ணா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். ஆனால் சொல்லக்கூடாத அந்த ஒரு வார்த்தை மூவர் வாயிலிருந்தும் வரவில்லை. ஏதோ ஒன்று அதைத் தடுத்துவிட்டது. அந்த ஒரு வருஷத்தில் எங்களுக்கு நடுவில் என்ன படிந்தது என்று அம்மாவுக்குத்தான் தெரியும்.

விடைபெறும்போது சிநேகிதரிடம் கேட்டேன்: "அவசரத்தில் ஆறிப்போன வில்லைகளை எறிந்துவிடுவீர்களா?"

"எதற்கு எறிய வேண்டும்? முதல் சூட்டைவிடக் குறைந்த சூட்டில், நல்ல காற்றில், மறுபடி காய்ச்சி எடுத்தால் போன குணம் பெரும்பாலும் வந்துவிடும்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "ஆனால் இந்தத் தடவையாவது ஆறப் பொறுக்க வேண்டும்" என்றார்.