மாசிப் பனியும் கண்மாய் மீனும்

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. மதுரையில ஏதுய்யா குளிருன்னு சென்னைக்காரங்க சிரிப்பீங்க. தை கடைசியில விடியக்காலம் கண்மாய்க் கரையில வந்து நின்னு பாருங்க. தலையில துண்டு கட்டாம நிக்க முடியாது.

நமக்கு இருக்கிற மாதிரி மீனுக்கு உடம்புச் சூடு கிடையாது. தண்ணி குளிர்ந்தா அதுவும் குளிர்ந்து போயிடும். செரிமானம் மந்தமாகி இரை எடுக்காம அடியில கிடக்கும். அதனால இந்த மாசங்கள்ல இருட்டோட போயி தூண்டில் போடுறதுல பிரயோசனம் இல்ல. ஒன்பது மணிக்கு மேல, வெயில் பட்டு ஓரத்துத் தண்ணி வெதுவெதுன்னு ஆகும்போதுதான் கெண்டையும் ஜிலேபியும் மேய வரும். மண்புழுவைக் கோத்து, தக்கையை ரெண்டு சாண் ஆழத்துக்கு வச்சா போதும்.

விராலுக்குத் தனி வித்தை வேணும். அது அப்பப்ப மேல வந்து காத்துக் குடிச்சுட்டுப் போகும். முட்டை விட்ட இடத்தைக் கண்ணு வச்சுக்கிட்டு, நீளமான மூங்கில் கம்புல சின்னத் தவளையைக் கோத்து, இலைகளுக்கு நடுவுல தண்ணியைத் தொட்டும் தொடாமலும் தத்தித் தத்தி இழுக்கணும். நிஜத் தவளை தாவுதுன்னு நினைச்சு ‘சளப்’புனு அடிக்கும். ஆனா செக்கச்செவேல்னு குஞ்சுக்கூட்டம் மேல மிதந்தா அங்க போடக்கூடாது. கீழ தாயும் தகப்பனும் காவலுக்கு நிக்கும். அதைப் பிடிச்சுட்டா அத்தனை குஞ்சும் மத்த மீனுக்கு இரையாயிடும். இது எங்கப்பா சொல்லிக் கொடுத்தது.

பெங்களூருல இருக்கிற என் அக்கா மகன் பொங்கலுக்கு வந்தப்ப, வெளிநாட்டுக்காரங்க இறகையும் நூலையும் வச்சு ஈ மாதிரி கட்டி, அதைத் தண்ணி மேல வீசி மீன் பிடிக்கிறதை செல்போன்ல காட்டினான். "மாமா, நீங்க தவளையை வச்சு செய்றதும் இதேதான்"னான். அது நம்ம நாட்டுக்கும் புதுசில்ல. நீலகிரியில வெள்ளைக்காரங்க டிரவுட் மீனைக் கொண்டாந்து விட்டு, 1907ல அவலாஞ்சியில குஞ்சு பொரிக்கிற பண்ணையே வச்சாங்க. சென்னை மாகாணத்துல அதிகாரியா இருந்த எச்.எஸ். தாமஸ்ங்கிறவர், நம்ம குளங்கள்ல தூண்டில் போடுறதுக்குன்னே 1887ல ஒரு புத்தகம் எழுதியிருக்கார். டிரவுட்டுக்குச் சில்லுனு ஓடுற தண்ணி வேணும். நம்ம கண்மாயில ஒரு வெயில் தாங்காது. நமக்கு விரால்தான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அழகர்கோவில் ரோட்டுப் பக்கம் இருக்கிற எங்க கண்மாயில பெரியாறு கால்வாய்த் தண்ணியும் மழைத்தண்ணியும் சேரும். அதே தண்ணிக்கு ரெண்டு பேர் சொந்தம் கொண்டாடுறோம். ஒருத்தர் ஆயக்கட்டு விவசாயி, இன்னொருத்தர் மீன்பாசி குத்தகைதாரர். தண்ணி வத்தினாத்தான் அவர் மீனைப் பிடிக்க முடியும். தண்ணி இருந்தாத்தான் எங்க கதிர்ல பால் பிடிக்கும். இந்த வருசம் பிந்தி நட்ட வயலுக்கு இன்னும் ரெண்டு தண்ணி பாக்கி இருக்கும்போது, மடையைத் திறக்கணும்னு அவர் வந்து நின்னாரு.

இளவட்டங்க சண்டைக்குப் போனாங்க. எனக்கு அவர் பக்கமும் தெரிஞ்சது. வட்டிக்கு வாங்கிக் குத்தகை கட்டி, குஞ்சு விட்டு, தீவனம் போட்டவர். ராத்திரியில யாரோ வலை போட்டு அள்ளிட்டுப் போறாங்க. அவர் அவசரப்படுறதுக்குக் காரணமே அதுதான். சாவடியில உட்கார்ந்து பேசினோம். "பதினஞ்சு நாள் பொறுக்கிறேன், ஆனா மீனுக்கு நீங்க பொறுப்பு"ன்னாரு. சரின்னு ஒத்துக்கிட்டோம். வீட்டுக்கு ஒரு ஆள்னு முறை வச்சு, போர்வையைப் போத்திக்கிட்டுக் கரையில காவல் இருந்தோம். ஒரு மீன் திருடு போகல. வயலும் கடைசித் தண்ணி குடிச்சு முத்திடுச்சு.

அவர் பிடிச்சு முடிச்ச பிறகு மிச்சம் ஊருக்கு. பெரியவர் ஒருத்தர் கரையில நின்னு வெள்ளைத் துண்டை வீசுவார். கச்சா, ஊத்தா, பரியோட மொத்தச் சனமும் சேத்துல இறங்கும். மேலூர், சிங்கம்புணரி பக்கமெல்லாம் இந்த மீன்பிடித் திருவிழா உண்டு. எங்க ஊருல பிடிச்ச மீனை விக்க மாட்டோம். அன்னைக்கு எல்லார் வீட்டுலயும் மீன் குழம்புதான்.

போன வருசம் அதுல ஆப்பிரிக்கக் கெளுத்தி நாலஞ்சு மாட்டுச்சு. 2000லயே அரசாங்கம் தடை பண்ணின மீன். எங்கேயோ வளர்த்ததுதான் வெள்ளத்துல வந்து சேர்ந்திருக்கு. கண்டதையும் தின்னுடும். நீங்க மதுரைக்கு வந்தா ஆசையாத் தேடுற அயிரையும் அதுக்கு இரைதான். மார்க்கெட்ல மலிவா ஒரு பெரிய கெளுத்தியைக் காட்டினா, எந்தக் கெளுத்தின்னு கேட்டுட்டு வாங்குங்க. வாங்க ஆள் இல்லன்னா வளர்க்கவும் ஆள் இருக்காது. எங்க கண்மாய்க்கு நீங்க செய்ற காவல் அதுதான்.