வண்டியே வீடு – 4: பொள்ளாச்சி நார், பவானி ஜமக்காளம்

போன வாரம் உக்கடத்தில் வண்டிக்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள் வாங்கியதோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்த நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அந்த டப்பாவுக்குள்ள எப்படிங்க படுக்கறது?" கோவையை விட்டுக் கிளம்பும் முன் அதற்குப் பதில் சொல்லிவிட வேண்டும்.

என்னுடையது பழைய மாருதி ஆம்னி. மாருதி 800 வந்த மறு ஆண்டு, 1984இல், வெறும் 'மாருதி வேன்' என்ற பெயரில் வந்தது. 2019 வரை ஓடியது. பள்ளிப் பிள்ளைகளையும் பால் கேன்களையும் சுமந்த இந்த வண்டியை நம் சினிமாக்காரர்கள் ஆள் கடத்தலுக்கென்றே நேர்ந்துவிட்டதில் அதற்குக் கெட்ட பெயர். தலை முதல் வால் வரை மொத்தமே பதினோரு அடிதான். ஆனால் 796 சிசி இன்ஜின் முன்சீட்டுகளுக்கு அடியில் ஒடுங்கிக் கிடப்பதால் வண்டிக்கு மூக்கென்று தனியாக ஒன்று இல்லை. பின்சீட்டைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டால் முன்சீட்டு முதுகிலிருந்து பின்கதவு வரை ஓர் ஆள் காலை நீட்டிவிடலாம். நெட்டையானவர்கள் கொஞ்சம் கோணலாகப் படுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த இன்ஜினாலேயே ஒரு தொல்லையும் உண்டு. நாள் முழுக்க ஓட்டிவிட்டு நிறுத்தினால் முன்சீட்டுப் பக்கம் வெகுநேரம் சூடு இறங்காது. அதனால் தலை பின்கதவுப் பக்கம், கால் டிரைவர் சீட்டுப் பக்கம். பின்சக்கரங்களுக்கு மேலே தகரம் இரண்டு பக்கமும் மேடாக எழும்பியிருக்கும். அந்த உயரத்துக்குக் குட்டைக்கால் வைத்துப் பிளைவுட் பலகை போட்டேன். பலகைக்கு அடியில் துணிப்பை, அடுப்பு, தண்ணீர் கேன். பலகைக்கு மேலே என்ன விரிப்பது என்று தேடிப் போனதுதான் இந்த வாரக் கதை.

முதலில் பொள்ளாச்சி. கிணத்துக்கடவைத் தாண்டியதும் தென்னந்தோப்புகள் ஆரம்பித்துவிடும். தோப்புகளுக்கு நடுவே களங்களில் நார் காய்ந்துகொண்டிருக்கும். மட்டையை இயந்திரத்தில் கொடுத்து நாரைப் பிரித்தால் உதிர்கிற துகளைக்கூட அமுக்கிக் கட்டியாக்கிச் செடி வளர்க்க வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். முறுக்கி, பிறகு பிரித்துவிட்ட நார் சுருள்சுருளாக நிற்கும். அதன் மேல் ரப்பர் பாலைத் தெளித்து, அடுக்கி, சூட்டில் அழுத்தினால் மெத்தை. ஃபோம் மெத்தை உடம்புச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பி நமக்கே கொடுக்கும். நார் மெத்தைக்குள் காற்று நுழைந்து வெளியேறும், வியர்வை தங்காது. கூரை தாழ்ந்த வண்டியில் கனத்த மெத்தை போட்டால் எழுந்து உட்காரும்போது தலை இடிக்கும் என்பதால் இரண்டு அங்குல கனம் போதும் என்றேன். அளவுச் சீட்டைப் பார்த்த கடைக்காரர் என்னையும் ஒருமுறை அளந்தார்.

"ஏனுங்க, இது தொட்டிலுக்கும் பெருசு, கட்டிலுக்கும் சிறுசா இருக்குதுங்களே. ஆருக்குங்க?"

"எனக்குத்தானுங்க."

"போச்சாதுங்க, வெட்டித் தரேன்."

அன்றிரவு உடுமலையைத் தாண்டிப் பூளவாடிப் பக்கம் தங்கினேன். ஆடி மாதம். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் முப்பது கிலோமீட்டர் அளவுக்கு விலகி வழிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மழையைப் பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு இந்த இடைவெளியில் புகுந்து வருகிறது. உடுமலையிலும் கேத்தனூரிலும் காற்றாலைகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்பதற்குக் காரணம் இதுதான். வண்டியைக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தினால் இரவெல்லாம் ஆடும். முகப்பை மேற்கே திருப்பி நிறுத்தியதும் அடங்கிவிட்டது. தள்ளுகதவின் கண்ணாடியை இரண்டு பக்கமும் இரண்டு விரல் அளவு திறந்து வைத்தேன். மின்விசிறிக்கு வேலையே இல்லை.

எதிர்வீட்டு ஆத்தாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "ஏஞ்சாமி, வீடு வாசல் இல்லாதவனாட்ட வண்டிக்குள்ள படுக்கறயே? திண்ணை சும்மாத்தான கெடக்குது, வா" என்று இரண்டு முறை வந்து கூப்பிட்டுப் பார்த்தார். நான் அசையவில்லை என்றதும் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

கண்ணாடியைத் திறந்து வைப்பது காற்றுக்காக மட்டுமல்ல, உயிருக்காகவும்தான். புழுக்கமாக இருக்கிறதே என்று இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு, நிறுத்திய வண்டிக்குள் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நின்ற கேரவன் ஒன்றில் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகை உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. தூங்கும்போது இன்ஜின் ஓடக் கூடாது, அடுப்பு எரியக் கூடாது. வசதியெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

மறுநாள் பல்லடத்தில் வேறு விதமான இரவு. விசைத்தறிகள் விடிய விடிய ஓடுகிற ஊரில் எப்படித் தூங்குவது என்ற சந்தேகத்தோடுதான் படுத்தேன். தறிச் சத்தத்தில் ஏற்ற இறக்கம் கிடையாது. கொஞ்ச நேரத்தில் காது அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதை விட்டுவிடுகிறது. "கரண்டு போனாத்தானுங்க எங்களுக்கு முழிப்பு வரும்" என்றார் காலையில் பேக்கரியில் பக்கத்தில் நின்று டீ குடித்த தறிக்காரர். அவர் இரவு முறை முடித்துத் தூங்கப் போய்க்கொண்டிருந்தார்.

காங்கேயம் வழியாகக் கரூர் போகும்போது, ஒதுங்கி நின்ற இடத்தில் ரோந்து போலீஸ் வந்து கண்ணாடியைத் தட்டியது. உள்ளே டார்ச் அடித்தார்கள். கயிறு கட்டிய ஆள் யாரும் கிடைக்கவில்லை. ஆர்சி புத்தகத்தைப் பார்த்த ஏட்டய்யா, கையை உள்ளே விட்டு மெத்தையை ஒரு தரம் அமுக்கிப் பார்த்தார். "பொள்ளாச்சிங்களா?" என்று கேட்டார். பிறகு, "இங்க வேண்டாங்க, முன்னால பெட்ரோல் பங்க் இருக்குது. லைட் வெளிச்சத்துல நிறுத்திக்கங்க, கக்கூஸும் இருக்கும்" என்றார். அன்று முதல் ஊருக்கு வெளியே தங்குவதென்றால் பங்க்தான் என் சத்திரம். கேட்டுவிட்டு நிறுத்தினால் பெரும்பாலும் மறுப்பதில்லை.

அந்தப் பங்க்கில் நாமக்கல் லாரி ஒன்று நின்றிருந்தது. டிரைவர் அண்ணன் என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ஒரு தண்ணீர் பாட்டிலைப் பலகை மேல் படுக்க வைத்தார். அது தலைமாட்டுப் பக்கம் உருண்டு போனது. "இப்படியே படுத்தீங்கன்னா காலைல தலை கனக்கும். ஒரு சாண் முன்னால எடுங்க." எடுத்தேன். பாட்டில் நின்றுவிட்டது.

வேனில் படுத்து ஊர் சுற்றுவது நகரத்தில் இப்போது புது மோகம். படம் எடுத்துப் போடுகிறார்கள், லட்சக்கணக்கில் செலவழித்து வண்டியைக் கேரவனாக்குகிறார்கள். கொங்கு நாட்டில் அது பிழைப்பு. நாமக்கல் லாரிக்காரருக்குக் கேபினில் டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருக்கும் பலகைதான் மாதத்தில் பாதி நாள் படுக்கையறை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆட்கள் ஆழ்துளைக் கிணறு போட வட மாநிலங்களுக்குப் போனால் மாதக்கணக்கில் திரும்புவதில்லை, வண்டியோடுதான் வாழ்க்கை. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குக் காளை கொண்டுவருகிறவர்கள் மாட்டுக்குப் பக்கத்திலேயே படுக்கிறார்கள். எங்கே நிறுத்துவது, எந்தப் பக்கம் தலை வைப்பது, எதைக் கேட்டு விழித்துக்கொள்வது, எதைக் கேட்டும் விழிக்காமல் இருப்பது என்பதெல்லாம் இவர்களுக்குப் பழக்கம். காசு கொடுத்து நான் வாங்கியது மெத்தையைத்தான். தூக்கத்தை இவர்களிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

கரூரில் இரண்டு வேலை. ஒன்று கொசுவலை. பிளாஸ்டிக் இழையில் நெய்யும் வலைக்குப் பேர்போன ஊர் அது. தள்ளுகதவின் அளவுக்கு வெட்டி, ஓரத்தில் சின்னச் சின்னக் காந்தம் வைத்துத் தைத்துத் தந்தார்கள். இப்போது கதவை முழுதாகத் திறந்தும் படுக்கலாம். இரண்டாவது வேலை வேடிக்கை பார்ப்பது. பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் கரூரில் ஏராளம். ஸ்லீப்பர் பஸ் ஒன்றின் எலும்புக்கூட்டுக்குள் ஏறிப் பார்த்தேன். ஓர் ஆளுக்கு அவர்கள் ஒதுக்கும் இடமும் என் பலகையும் ஏறத்தாழ ஒரே நீளம். அகலத்தில் நான்தான் வசதிக்காரன்.

அங்கிருந்து வடமேற்கே சென்னிமலை. போர்வைக்கு இந்த ஊரை விட்டால் வேறு எங்கே போவது? கைத்தறி நெசவாளர்களைக் கூட்டுறவுக்குள் கொண்டுவந்து நிறுத்திய பத்மஸ்ரீ எம்.பி. நாச்சிமுத்துவின் ஊர் இது. பருத்திப் போர்வையின் குணம், மாலையில் மேலே போர்த்தினால் பாரமில்லை, பின்னிரவில் ஆடிக்காற்று ஏறும்போது குளிர் விடுவதுமில்லை. ஒன்றுக்கு இரண்டாக வாங்கினேன். இரண்டாவதை மடித்தால் தலையணை.

கடைசியாகப் பவானி. ஜமக்காளத்துக்கு 2005–06இலேயே புவிசார் குறியீடு வாங்கிய ஊர். முரட்டுப் பருத்தி நூலில் பட்டை பட்டையாக நிறம் மாற்றி, குழித்தறியில் நெய்கிறார்கள். மெத்தைக்கு அடியில் ஜமக்காளத்தை விரித்தால் பலகையில் மெத்தை வழுக்காது. பகலில் அதையே உருவி மரத்தடியில் போட்டால் சாப்பாட்டுக் கூடம்.

நான் போய்ச் சேர்ந்தது ஆடிப் பதினெட்டுக்கு முந்தைய நாள் சாயங்காலம். காவிரியும் பவானியும் கலக்கும் கூடுதுறைக்கு வந்த கூட்டத்தில் வண்டி நிறுத்த இடமில்லை. கிடைத்த சந்தில் நுழைத்துவிட்டுப் பார்த்தால், வரிசை முழுக்க ஆம்னி, ஈக்கோ, டாட்டா ஏஸ். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். பக்கத்து வேனில் குழந்தைகள் குறுக்கேயும் பெரியவர்கள் வாசலிலுமாக ஏழு பேர். என் படுக்கையைச் சுற்றிப் பார்த்த அந்த வீட்டு அம்மணி, "ஒத்தை ஆளுக்கு இத்தனை எடமுங்களா?" என்று கேட்டார். அவர்கள் பையன்கள் இரண்டு பேர் அன்றிரவு என் மெத்தையில். ஜமக்காளத்தை உருவிக்கொண்டு நான் வெளியே தரையில். அவர்கள் நன்றாகத் தூங்கினார்கள், நானும்தான்.

அடுத்த வாரம் அந்தியூர். குருநாதசாமி கோவில் தேரும், அதையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையும். குதிரைகளுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினால் தூக்கம் வருமா என்பதை அங்கே போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.