மூன்றாவது கியர் விழாத வண்டி

டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கிறது அந்தப் பட்டறை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தவிர வேறு வேலை எடுப்பதில்லை. பிரேக், இன்ஜின் என்று வருபவர்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். தகர ஷெட்டின் ஒரு பக்கம் லிஃப்ட். தடுப்புக்கு அந்தப் பக்கம், பாக்ஸைப் பிரித்துக் கோக்கும் மேசை. தூசி வரக் கூடாது என்பதற்காக அந்த அறைக்கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். உள்ளே இரண்டு பேர்: அறுபதைக் கடந்த மெக்சிகோக்காரர் ஒருவர், அவரிடம் தொழில் கற்கும் அவருடைய அக்கா மகன்.

நான் போனபோது லிஃப்டில் நின்றது 1998 மாடல் செவர்லே பிக்கப் டிரக். வேலி போடும் ஒப்பந்தக்காரருடைய வண்டி. கம்பிச் சுருளும் கம்பமும் ஏற்றிய டிரெய்லரை இழுத்தே வயதாகிவிட்டது. முதல் கியரும் இரண்டாவதும் ஒழுங்காக விழுகின்றன. மூன்றாவதுக்கு மாற வேண்டிய இடத்தில் இன்ஜின் மட்டும் அலறுகிறது, வண்டி இழுப்பதில்லை.

பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "ரிவர்ஸ் எப்படி?"

"அது நல்லா இருக்கு" என்றார் வண்டிக்காரர்.

அந்த ஒரு பதிலிலேயே பாதி சங்கதி தெரிந்துவிட்டது. இந்த வண்டியில் இருப்பது 4எல்60-இ என்ற பாக்ஸ். 1982இல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த 700ஆர்4 பாக்ஸின் வழியில் வந்தது. கட்டுப்பாட்டை மின்னணுவுக்கு மாற்றி 1993இல் டிரக்குகளில் பொருத்தத் தொடங்கினார்கள். நம் ஊர் லாரியில் ஒரு கிளட்ச்தான். இதற்குள் ஐந்து கிளட்ச் அடுக்குகள், ஒரு பட்டை, ஒரு பக்கம் மட்டும் சுழலவிடும் கிளட்ச் இரண்டு. எதை எதை ஆயில் அழுத்தம் பிடிக்கிறது என்பதைப் பொறுத்துக் கியர் அமைகிறது. ஆகவே எந்தக் கியர் இல்லை என்பதைவிட, எந்தெந்தக் கியர் சேர்ந்து காணாமல் போயிருக்கிறது என்பதே முக்கியம். இரண்டும் நான்கும் ரிவர்ஸும் ஒன்றாகப் போனால் சன் ஷெல் என்ற உருளையின் கழுத்து உடைந்திருக்கும். இந்த பாக்ஸின் பேர்போன நோய் அது. கிளம்பும்போதே மூன்றாவதில்தான் கிளம்புகிறது, வேறு எதற்கும் மாறவில்லை என்றால் பாக்ஸைத் தொடவே வேண்டாம், ஃபியூஸைப் பார்க்க வேண்டும். கியரை மாற்றும் மின்வால்வுகளான சோலனாய்டுகள் இரண்டுக்கும் மின்சாரம் போகாதபோது மூன்றாவதில் நிற்கும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். ரிவர்ஸும் இரண்டாவதும் நன்றாக இருந்து, மூன்றாவதில் வழுக்கினால், மூன்றுக்கும் நான்குக்கும் பொதுவான 3-4 கிளட்ச் எரிந்துவிட்டது.

பையன் ஆயில் பேனை இறக்கினான். ஆயில் சிவப்பாக இருக்க வேண்டும். இது கறுத்துப் பழுப்பாகி, கருகல் வாடை அடித்தது. பேனின் அடியில் இருக்கும் காந்தத்தை எடுத்து விரலால் வழித்துக் காட்டினார் பெரியவர். சாம்பல் நிறத்தில் மாவு போல இருந்தால் அது வழக்கமான தேய்மானம். மஞ்சள் மினுக்கம் தெரிந்தால் புஷ் போயிருக்கும். இதில் இருந்தது கரிய துகள், கிளட்ச் பிளேட்டின் மேல் ஒட்டியிருந்த சரக்கு.

இந்த ஆயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1970களின் தொடக்கம் வரை இதில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்தார்கள், பிளேட்டுகள் வெடுக்கென்று பிடிக்காமல் இழைந்து பிடிப்பதற்காக. திமிங்கிலப் பொருள்களை அமெரிக்கா தடை செய்த பிறகே ஆலைகள் மாற்று தேடின. வேலி போடுகிறவரின் வண்டிக்குக் கீழே நின்றுகொண்டு இதைக் கேட்டபோது மனம் கனத்தது.

பிளேட் எரிந்தது உறுதியானதும் வேலை முடிந்த மாதிரிதான் எனக்குத் தோன்றியது. பெரியவருக்கு அங்கேதான் தொடங்குகிறது. "எரிஞ்சிருக்குன்னு யாரு வேணா சொல்லிடலாம். ஏன் எரிஞ்சதுன்னு சொல்றதுக்குத்தான் எனக்குக் கூலி" என்றார். வண்டிக்காரர் சொன்ன இன்னொரு செய்தி அவரை உறுத்திக்கொண்டிருந்தது: ஓராண்டுகூட ஆகவில்லை, வேறொரு பட்டறையில் இதே பிளேட்டுகளைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் அவர்கள் மாற்றியது விளைவை. காரணம் உள்ளேயே இருந்திருக்கிறது.

பாக்ஸை இறக்குமுன் அழுத்தமானியை மாட்டிப் பார்த்தார்கள். அழுத்தம் சரி. ஆகவே பம்ப்பைச் சந்தேகிக்க வேண்டாம். ஆயில் வருகிறது, மூன்றாவதுக்குப் போகும் வழியில் எங்கோ கசிகிறது. எழுபது கிலோவுக்கு மேல் கனமுள்ள பாக்ஸை ஜாக்கியில் இறக்கி மேசைக்குக் கொண்டுவந்தார்கள். உள் டிரம்மைக் கழற்றியதும் 3-4 அடுக்கின் பிளேட்டுகள் கரி பூத்து, இடையில் இருந்த எஃகுத் தகடுகள் நீலம் பாரித்துக் கிடந்தன. டிரம்முக்குள் காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்தார். பிஸ்டன் "டக்" என்று எழுந்தது. சீல் வழியே சீறல் இல்லை. சீல்களும் குற்றவாளி இல்லை.

பிறகு வெற்றுக் கூட்டைத் திருப்பி நிறுத்தினார். பக்கவாட்டில், பட்டையை இறுக்கும் செர்வோ பிஸ்டன் உட்காரும் குழி. அதையொட்டி, கூட்டுக்குள்ளேயே அடித்து இறக்கிய விரல்நுனி அளவுக் குப்பி ஒன்று, அதற்குள் ஓர் எஃகுக் குண்டு. மூன்றாவது விழும்போது ஆயில் அந்தக் குண்டைத் தள்ளி வழியை அடைக்க வேண்டும். கியர் விலகியதும் குண்டு திறந்து மிச்ச ஆயிலை வெளியே விட வேண்டும். பெரியவர் அந்தத் துளையில் கொஞ்சம் கழுவும் திரவத்தை ஊற்றினார். பையனிடம் டார்ச்சைக் கொடுத்து, "உள்பக்கம் பாரு" என்றார்.

"சொட்டுது மாமா."

பிளேட்டுகளைக் கொன்றது அந்தச் சொட்டுதான். மூன்றாவது பிடித்திருக்கும் நேரமெல்லாம் ஆயில் அங்கே கசிய, அழுத்தம் குறைய, பிளேட்டுகள் முழுதாக நெரிபடாமல் வழுக்கியிருக்கின்றன. டிரெய்லர் சுமையோடு வழுக்கினால் சூடு, சூட்டில் கரி. புதுப் பிளேட் போட்டாலும் அதே கதி. அந்தக் குப்பியின் விலை சில டாலர்தான். பழையதைக் கம்பியால் தட்டி வெளியே எடுத்து, புதியதன் துளை கூட்டின் ஆயில் வழிக்கு நேராக வரும்படி பார்த்து இறக்கினார்.

அதோடு நிற்கவில்லை. ஆயிலை அந்தந்த வழிக்குப் பிரித்து அனுப்பும் வால்வு பாடியில் இன்னொரு தேய்மானத்தைக் காட்டினார். 1995 முதல், இன்ஜினையும் பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் கிளட்சை ஒரேயடியாகப் பிடிக்கவிடாமல், துடிப்பு துடிப்பாகப் பிடிக்க வைத்தார்கள். சவாரி மென்மையாயிற்று, ஆனால் அதற்கான வால்வு ஓயாமல் ஆடி அலுமினியத் துளையை அரித்துவிடுகிறது. துளையைச் சீராகக் குடைந்து சற்றுப் பெரிய வால்வு போட வேண்டும். வெர்மாண்டில் சானக்ஸ் என்ற நிறுவனம் இத்தகைய உதிரிகளையே செய்து விற்கிறது.

கோக்கும் வேலை எனக்குப் பிடித்தது. வால்வு பாடியின் சிறு குண்டுகள் உருண்டுவிடாமல் வாஸ்லினில் ஒட்டிவைக்கிறார்கள். கிரீஸ் கூடாது, ஆயிலில் கரையாமல் போய் வழியை அடைக்கும். புதுப் பிளேட்டுகளை ஆயிலில் ஊறவைத்து, அடுக்கியபின் ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளி அளந்தார்: ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கடைசியில் கன்வெர்ட்டரைச் சுழற்றிச் சுழற்றி உள்ளே தள்ளும்போது மூன்று முறை இறங்க வேண்டும். இரண்டோடு நின்றுவிட்டதைக் கவனிக்காமல் போல்ட்டை முறுக்கினால் பம்ப் நொறுங்கும். பையன் சத்தமாக எண்ணினான்.

இப்போது பல பட்டறைகள் பிரிப்பதே இல்லை. ஆலையில் புதுப்பித்த பாக்ஸை வரவழைத்து மாட்டிவிடுகிறார்கள். நேரம் மிச்சம், உத்தரவாதமும் உண்டு. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பழைய பாக்ஸின் கரி ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரில் தங்கியிருந்தால், அதைக் கழுவாமல் மாட்டும் எந்தப் பாக்ஸும் மறுபடி கெடும். காரணத்தைத் தேடும் பழக்கம் போய்விட்டால் பாக்ஸை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதனால்தான் இந்தப் பெரியவரைப் போன்றவர்களின் கை அறிவு அடுத்தவருக்குப் போய்ச்சேர வேண்டும் என்று விரும்புகிறேன்.

கூலரை இரு பக்கமும் கழுவி, ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு கூலரையும் பொருத்தினார்கள். நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தபோது மூன்றாவது அலுங்காமல் விழுந்தது. வண்டியை ஒப்படைக்கும்போது பெரியவர் தாமே பேசவில்லை. பையனை முன்னால் நிறுத்தி, எங்கே கசிந்தது, ஏன் எரிந்தது என்று வண்டிக்காரருக்கு விளக்கச் சொன்னார். பையன் பழைய குப்பியை உள்ளங்கையில் வைத்துக் காட்டியே சொன்னான். முடிவில் அவனே சேர்த்துக்கொண்டது: "டிரெய்லர் மாட்டியிருக்கும்போது ஓவர்டிரைவுல போகாதீங்க. லீவரை மூணுலயே வச்சு ஓட்டுங்க."