கழற்றியதைப் பூட்டுதல்

மோட்டார் எஞ்சினைக் கழற்றுவதற்குப் பெரிய ஞானம் ஒன்றும் வேண்டியதில்லை. ஸ்பானரும் துணிச்சலும் இருந்தால் போதும். திரும்பப் பூட்டுவதில்தான் மனிதனுடைய யோக்கியதை தெரியவருகிறது.

கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு இதை இளம் பிராயத்திலேயே செய்து காட்டியவர். 1893-ஆம் வருஷம் கலங்கல் கிராமத்தில் பிறந்த அவர், வெள்ளைக்கார அதிகாரி ஒருவருடைய 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிளைக் கண்டு மோகித்தார். ஹோட்டலில் பரிமாறும் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதையே விலைக்கு வாங்கினார். வாங்கினவர் சவாரி செய்து திருப்தியடைந்தாரா? இல்லை. அக்கக்காகப் பிரித்து மறுபடியும் பூட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் பஸ் விட்டதற்கு வித்து அந்தப் பூட்டலில்தான் விழுந்தது என்பது என் அபிப்பிராயம். உள்நாட்டுச் சாமானை வாங்குவது மட்டும் சுதேசியமாகாது. அதன் வயிற்றுக்குள் இருப்பதை அறிவதும் அதில் சேர்ந்ததே.

அரியூரில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் சென்ற மாதம் நடந்த காரியம் அவ்வளவு பெரிதல்ல. தகப்பனார் விட்டுச் சென்ற அம்பாஸடரின் 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சினைப் புதுப்பித்துப் பூட்டினோம். 2014-இல் உத்தரபாராத் தொழிற்சாலையில் அந்த வண்டியின் உற்பத்தியே நின்றுவிட்டது. ஆகவே பந்துக்கள் எல்லோரும் "பழைய இரும்புக்குப் போட்டுவிடு" என்று உபதேசித்தார்கள். என் தாயார் மட்டும் சம்மதிக்கவில்லை. அந்த வண்டியில் ஒரு தடவையாவது வில்லியனூர்த் திருக்காமீசுவரரைத் தரிசித்து வரவேண்டும் என்றார். எண்பது வயதுக்காரரின் ஆசைக்குத் தவணை சொல்ல முடியுமா? லேத் பட்டறையில் சிலிண்டர்களை ரீபோர் செய்து, கிராங்கைச் சாணை பிடித்து வாங்கியதில் கையிருப்பு கரைந்தது. மறுபடியும் செலவழிக்க வழியில்லை.

மேஸ்திரி ஞாயிறுதோறும் வந்தார். "வாத்தியாரய்யா, மொதல்ல ஒத்திகை. அப்புறந்தான் கல்யாணம்" என்றார். எண்ணெய் தடவிய பேரிங்குகளின் மேல் கிராங்கைப் படுக்கவைத்து, ஒவ்வொரு மூடியாக முறுக்கி, ஒவ்வொரு தடவையும் கையால் சுழற்றிப் பார்த்தார். முதல் மூடி வரையில் வழுக்கிக்கொண்டு சுற்றியது. நடு மூடியை முறுக்கியதும் கிராங்க் அசைய மறுத்தது. என் நெஞ்சும் அப்படியே நின்றது. அளவு தவறியிருந்தால் கிராங்கே வீண்.

மேஸ்திரி பலப்பிரயோகம் செய்யவில்லை. மூடியைக் கழற்றி, பேரிங்கை எடுத்து, அதன் முதுகை விரல் நுனியால் தடவினார். தலைமயிர் கனத்தில் ஓர் இரும்புச் சுருள், பட்டறையிலிருந்து வந்தது, அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. துடைத்துவிட்டுப் பூட்டியதும் கிராங்க் ஒரு விரலுக்கு இசைந்து சுற்றியது. ஒத்திகை பாராமல் ஓட்டியிருந்தால் அந்தத் துணுக்கு பேரிங்கை எரித்திருக்கும்.

ரிங்குகளுக்கும் இதே பரீட்சை. ரிங்கைத் தனியே சிலிண்டருக்குள் இறக்கி, பிஸ்டன் தலையால் சமமாகத் தள்ளி, இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். சுமார் கால் மில்லிமீட்டர் இருந்தால் சரி. உஷ்ணத்தில் இரும்பு நீளும் என்று வகுப்பில் வருஷந்தோறும் சொல்லிக்கொடுக்கிறேன். முனைகள் முட்டிக்கொண்டால் ரிங் ஒடிந்து சிலிண்டரைக் கீறிவிடும் என்பதைத் தாழ்வாரத்தில்தான் கண்ணால் பார்த்தேன். நெருங்கியிருந்த ஒரு ரிங்கை மேஸ்திரி மெல்லிய அரத்தால் ராவிக் கொடுத்தார்.

மற்றவை சுலபமாக நடந்தேறின. டைமிங் சக்கரங்களின் புள்ளிகளை எதிரெதிராக நிறுத்தினோம். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சிறிது சிறிதாக முறுக்கினோம். பிளக் ஒயர்களை 1-3-4-2 என்ற வரிசையில் மாட்டினோம்.

மூன்றாம் முயற்சியில் எஞ்சின் உயிர்பெற்றது. எண்ணெய் அழுத்தம் ஏறியதைப் பார்த்த பின்புதான் மேஸ்திரி பீடியைப் பற்றவைத்தார். அம்மா வாசற்படியில் நின்று, "கோயிலுக்கு எப்போது?" என்று கேட்டார். "வர்ற வெள்ளிக்கிழமை போகலாம் ஆச்சி, ஆனா மெதுவா" என்றார் மேஸ்திரி. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஹெட்டை மறுபடி முறுக்க வரவேண்டுமென்று சுவரில் கரியால் குறித்துவைத்துப் போயிருக்கிறார்.