நிலாவரை கண்டோம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் கிணறே கதி. ஆதலின், நிலாவரைக்கு எங்களை அழைத்துச் சென்ற ஆசிரியர், வழியிலேயே பாடத்தைத் தொடங்கிவிட்டார்.

கோப்பாயைக் கடந்து நீர்வேலியில் வண்டி நின்றது. கதலியும் இதரையும் குலை குலையாகக் கிடந்தன. அவ்வாழைகளுக்கு இறைக்கும் நீர் மழைநீரே. செம்மண்ணின் கீழுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் இறங்கித் தங்கியது என்றார்.

புத்தூரை அடுத்த நவக்கிரியில் உள்ளது நிலாவரை. இராமபிரான் வானரங்களின் தாகந் தீர்க்க அம்பெய்து உண்டாக்கியது என்பது கர்ணபரம்பரை. இங்கிட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்பாருமுளர். சுண்ணக்கல்லில் நிலத்தடி வழிகள் உண்டாதலால், அதனை முற்றாக நகைத்துத் தள்ளவும் மனம் வரவில்லை. நீர் கல்லைக் கரைத்துக் குகையாக்க, அதன் கூரை இடிந்து வீழ்ந்தமையால் வாய் திறந்த பள்ளம் இது என்பர் நிலநூலார்.

ஆழத்தினும் பெரிய அதிசயம் ஒன்றுண்டு. மேலே நன்னீர், கீழே உவர்நீர். நன்னீர் இலேசானதாகையால் உவரின்மேல் மிதக்கின்றது. இத்தகைய நிலத்தில், கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இயந்திரத்தால் அளவின்றி இறைத்து அந்த ஓரடியைக் குறைத்தால், உவர் அத்தனை அடி மேலேறும். இதைக் கேட்ட தோட்டக்காரர் வீட்டுப் பையன் ஒருவன், "எங்கள் கிணறு இப்பொழுதே கரிக்கிறது, ஐயா" என்றான். ஆசிரியர் சிறிது நேரம் பேசவில்லை.

பிற்பகல் கீரிமலைக் கேணியில் நீராடினோம். கேணிச்சுவருக்கு அப்பால் கடல் அலைத்துக்கொண்டிருந்தது.